மழையில் பறை காய்ச்சியவர்களுக்கு

மன்றத்து நண்பர்களே,

இந்த மாதத்தோடு நம் நாட்டுப்புற இசை மன்றத்துக்கு ஐந்து வயது. விழா எடுக்கலாம் என்றார்கள். எடுத்தால் மேடையில் இருப்பவர்களுக்குத்தான் சால்வை போகும். பாதிப் பேர் மேடைப் பக்கமே வராதவர்கள் என்பதால் இந்த மடல்.

முதலில் தொழில்முறைக் கலைஞர்களுக்கு. பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழா மாதங்களில் உங்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது. அதற்கு நடுவிலும் நம் கூட்டங்களுக்குச் சிலர் வந்தீர்கள். வந்தவர்கள், தங்கள் முறை வரும்வரை வெளியே நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடியதைக் கேட்டீர்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் அப்பத்தாவின் தாலாட்டைப் பாட எழுந்தார். தாய்மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் அடி மறந்துபோய்க் கைப்பேசியைத் தேடினார். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒப்பாரி பாடும் அம்மா, உட்கார்ந்தபடியே தன் ஊர் வழக்கில் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தார். சொல் வேறு, இழுப்பும் கொஞ்சம் வேறு. அந்தப் பெண் அதையே பிடித்துக்கொண்டு பாடி முடித்தார். ஒத்திகை பார்த்திருந்தால் இது கிடைத்திருக்காது.

சம்பள விஷயத்தில் ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. முதல் வருடம் ஒரு நாதஸ்வரக்காரருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பணத்தை அப்புறம் தருகிறோம் என்றோம். "இதப் போத்திக்கிட்டு ஏறுனா கண்டக்டர் டிக்கெட் கேக்க மாட்டாரா தம்பி?" என்றார், சிரித்துக்கொண்டுதான். அன்றிலிருந்து கச்சேரிக்கு முன்பே உறையைக் கையில் கொடுத்துவிடுகிறார் நம் பொருளாளர் அக்கா. வசூல் குறைந்த மாதங்களில் அந்த உறை எப்படி நிறைந்தது என்று அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். நன்றி அக்கா.

பொழுதுபோக்காகப் பாட வருகிறவர்களுக்கு இரண்டு பாட்டு, அவ்வளவுதான் என்ற விதியைக் காப்பாற்றியவருக்கும் நன்றி. மூன்றாவதைத் தொடங்கினால் மெதுவாக எழுந்து நிற்பார், வேறொன்றும் செய்யமாட்டார். என்னையே இரண்டு முறை உட்கார வைத்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் சிறப்புக் கலைஞருக்கு அரை மணி நேரம்கூட மிஞ்சாது.

2007-இல் வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் எங்களிடையே இருந்தார்கள். இடைவேளையில் ஓரமாக உட்கார்ந்து அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கல்லூரி மாணவர்களே, நீங்கள் பாடியதைவிட அது பெரிது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், அந்த ஐப்பசி இரவு. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு பறை கற்க வந்தவர்கள் பெருகியிருந்தார்கள். அன்று பன்னிரண்டு பறை. அடைமழை. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து, அடித்தால் அட்டைப் பெட்டி போலத் தொப்பென்று கேட்டது. கூடத்துக்குள் தீ மூட்டக் கூடாது. காவலாளி அண்ணன் பின்பக்கத் தகரக் கூரைக்கு அடியில் இடம் ஒதுக்கி, காய்ந்த தென்னை ஓலையை எங்கிருந்தோ கொண்டுவந்தார். சாரல் அடித்த பக்கம் இரண்டு பேர் குடையை விரித்து மறைத்தார்கள். மூத்த கலைஞர் ஒவ்வொரு பறையாகத் தீயில் காட்டி, திருப்பி, விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டு, "இது போதும், அது இன்னும்" என்று பிரித்து வைத்தார். புதிதாக வந்தவர்கள் அடி கற்பதற்கு முன்பே காய்ச்சக் கற்றுக்கொண்டது அன்றுதான். நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் தாமதம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களே, ஒன்பதரைக்கு மேல் பறை வேண்டாம் என்று மட்டும்தான் கேட்டீர்கள். அன்று மட்டும் பத்தேகால் ஆகிவிட்டது. பொறுத்ததற்கு நன்றி.

சரி, ஒரு தகவல். சென்ற மாதம் யாரோ பறை அடிக்கும் சிண்டுக்குச்சியை நாற்காலிக்கு அடியில் விட்டுப் போயிருக்கிறீர்கள். நல்ல மூங்கில், நுனியில் சிவப்பு நூல் சுற்றியது. என்னிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மன்ற ஒருங்கிணைப்பாளர்