ஹும்மெலை மறுபடி மேடையேற்றுங்கள்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பருவத்தின் முதல் கச்சேரியில் இசையமைப்பாளர் ஹும்மெலின், பியானோவும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஏ மைனர் கன்செர்ட்டோவை எடுத்துவிட்டு, மோட்சார்ட்டின் டி மைனர் கன்செர்ட்டோவை வைத்திருப்பதாகப் போன வாரம் தகவல் அனுப்பியிருந்தீர்கள். டிக்கெட் விற்பனையை நீங்கள் பார்த்தாக வேண்டும், சரி. மோட்சார்ட்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த டி மைனரை உங்கள் அரங்கத்திலேயே பலமுறை கேட்டாயிற்று. ஹும்மெலை ஒரு தடவைகூட நேரில் கேட்க வாய்க்கவில்லை.

அவர் மோட்சார்ட் வீட்டில் தங்கிப் படித்தவர், ஹைடனுக்குப் பின் எஸ்டர்ஹாசி பிரபுக்களின் இசைக்குழுவை நடத்தியவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த ஏ மைனர் கன்செர்ட்டோவின் இரண்டாம் பகுதி வேண்டும். இடது கை அடக்கமாகத் துணை நிற்க, வலது கை மெட்டை இழைத்து இழைத்து அலங்கரித்துக்கொண்டே போய், இடைவெளி விடாமல் ரோண்டோ என்ற கடைசிப் பகுதிக்குள் நுழைந்துவிடும். ஒலிப்பதிவில் பியானோ காதோரம் கேட்கிறது, வாத்தியக்குழு பின்னால் எங்கோ அமுங்கிப்போகிறது. பியானோ ஓர் அலங்காரத்தை முடிக்கும்வரை மொத்தக் குழுவும் வில்லைப் பிடித்தபடி காத்திருப்பதை அரங்கத்தில் உட்கார்ந்தால்தான் உணர முடியும். அதைத்தான் எங்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

1828இல் ஹும்மெல் வார்சாவில் வாசித்தபோது போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனுக்கு வயது 18. இரண்டே வருடத்தில் ஷோப்பன் எழுதிய ஈ மைனர் கன்செர்ட்டோவை இந்த ஏ மைனரோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று தெரியும். ஷோப்பனை வருடம் தவறாமல் வைக்கிறீர்கள். ஹும்மெல் என்றால் டிரம்பெட் கன்செர்ட்டோ ஒன்றுதான் என்று வானொலிக்காரர்களும் முடிவு செய்துவிட்டார்கள். அதே காலத்து இசையமைப்பாளர்களான டுசெக், கோஜெலுக் பெயர்களைக் கேட்கவே வழியில்லை. 2020இல் பீத்தோவனின் 250ஆம் ஆண்டு என்று உலகமே அவரை வாசித்தது, வாசிக்கட்டும். ஹும்மெல் பிறந்தது 1778இல். அவருடைய 250ஆம் ஆண்டுக்கு யார் என்ன செய்யப்போகிறார்கள்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஏ மைனர் கன்செர்ட்டோவைத் திரும்ப வையுங்கள். விற்பனைக்கு மோட்சார்ட் வேண்டுமென்றால் இடைவேளைக்குப் பிறகு அவருடைய சிம்பனி ஒன்றை வாசிக்கலாம். இந்தப் பருவத்தில் முடியாதென்றால் 2028க்காவது தயவுசெய்து இப்போதே தேதி குறித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நெடுநாள் ரசிகர்