சாட்டம் போகிறோம்: பெற்றோருக்கு ஒரு நீளமான கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நமது தமிழ்ப் பள்ளியில் வகுப்புகள் இல்லை. நாலாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளை, கென்ட்டில் மெட்வே ஆற்றங்கரையில் இருக்கும் சாட்டம் என்ற ஊருக்குக் கோச்சில் கூட்டிக்கொண்டு போகிறோம். அங்கே இருந்த பழைய கடற்படைக் கப்பல்தளத்தின் ஒரு பகுதி இப்போது அரும்பொருளகம், பார்க்கப் போவது அதைத்தான். ஊர்ப் பெயரைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போட்ட அன்றே ஒரு பையன் அதைச் "சட்டம்" என்று வாசித்தான், பக்கத்தில் இருந்தவன் "இல்லை, சத்தம்" என்றான். இந்த ஊர்க்காரர் வாயில் வருவது சட்டத்துக்குக் கிட்ட. கோச்சுக்குள் வரப்போவது மற்றது என்பது எனக்கு இப்போதே தெரியும்.

கடிதம் நீளமானதற்குக் காரணம் நமது வாட்ஸ்அப் குழு. பயணத்தை அறிவித்த இரவே, தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலேயன் போர்க்கப்பல் கட்டின இடத்தில் என்ன வேலை, அந்தக் கப்பல்கள் எங்கெங்கே போய் என்னென்ன செய்தன என்று தெரியாதா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. திருகோணமலைக்காரருக்கு டொக்யார்ட், அதாவது கப்பல்தளம், என்ற சொல்லையே விளக்கத் தேவையில்லை, அங்கே பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை இருந்தது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது, இன்றைக்கும் இங்கிலாந்தின் வடக்கே ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஆகவே இந்தக் கதைக்கு வெளியே நாம் நிற்கிறோம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பது அட்மிரல்களின் சிலைகளை அல்ல, கயிறு திரித்தவர்களை. அதற்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1547இல் இந்த ஆற்றோரம் ஜில்லிங்கம் பக்கமாகக் கடற்படைச் சாமான்களை வைக்க ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது, கதை அங்கே தொடங்குகிறது. முதலாம் எலிசபெத் காலத்தில் அது அரச கப்பல்தளமாக வளர்ந்தது. 1984 மார்ச் 31 அன்று மூடினார்கள். இடையில் நானூறு வருடத்துக்கு மேல் இங்கே கட்டிய கப்பல்கள் நானூறுக்கும் அதிகம், அவற்றில் மிகப் பெயர் பெற்றது விக்டரி. 1759இல் அடிமரம் வைத்து, சட்டகத்தைக் கட்டி, மரம் பதப்பட வேண்டும் என்று வருடக்கணக்கில் அப்படியே காயவிட்டு, 1765இல்தான் தண்ணீரில் இறக்கினார்கள். நாற்பது வருடம் கழித்து டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் செத்தது அந்தக் கப்பலில். அதைப் பார்க்கலாம் என்று யாரும் பிள்ளையிடம் சொல்லி வைக்காதீர்கள், கப்பல் இருப்பது போர்ட்ஸ்மத்தில், சாட்டத்தில் இருப்பது அது பிறந்த உலர்துறை, அதாவது தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் வேலை செய்யும் தொட்டி, மட்டும்.

சரி, கயிற்றுக்கு வருகிறேன்.

தளத்துக்குள் கயிற்றுச்சாலை என்று ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. நீளம் 346 மீட்டர். உள்ளே போய் ஒரு கோடியில் நின்று பார்த்தால் மற்றக் கோடி கண்ணுக்கு ஒரு தீப்பெட்டி அளவில்தான் தெரியும், இங்கே வேலை செய்கிறவர்கள் அங்கிருந்து இங்கே வர சைக்கிள் ஓட்டுவார்கள். 1780களின் கடைசியில் கட்டியது, அப்போது ஐரோப்பாவிலேயே இதைவிட நீளமான செங்கல் கட்டடம் இருக்கவில்லை. இவ்வளவு நீளம் எதற்கு என்றால், கயிற்றை மடக்கி மடக்கித் திரிக்க முடியாது, எவ்வளவு நீளக் கயிறு வேண்டுமோ அதைவிட நீளமாகத் தரை வேண்டும். திரிக்கும்போது அது சுருங்கிக்கொண்டே வரும் அல்லவா. விக்டரி போன்ற ஒரு பாய்க்கப்பலுக்கு இருபது மைலுக்கு மேல் கயிறு தேவைப்பட்டது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நார் வந்தது ரஷ்யாவிலிருந்து. ஹெம்ப் என்ற வகை, கஞ்சாச் செடிக்கு நெருங்கிய சொந்தம், பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதை ஆணி அடித்த பலகையில் இழுத்து இழுத்துச் சீவுவார்கள், திமிங்கில எண்ணெய் தடவி. எங்கள் அம்மம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் பேன்சீப்போடு என் தலையைப் பிடித்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சீவிய நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நுனியைச் சுழலும் கொக்கியில் மாட்டி, விரலால் நாரை விட்டு விட்டுப் பின்பக்கமாக நடந்துகொண்டே நூல் திரிப்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பின்னோக்கி நடந்து சம்பாதித்த மனிதர்கள். 1860களில் இயந்திரம் வந்த பிறகு இந்த நூற்கும் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள், அவர்கள் ஆண்களோடு பேசிப் பழகிவிடக் கூடாது என்று வாசலையும் படிக்கட்டையும்கூடத் தனியாக வைத்தார்கள் என்பதைக் கேட்டபோது, இது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் போன பயணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கயிற்றுச்சாலையில் பார்க்க வந்தவர்களையே கைப்பிடி சுற்றவைத்து ஒரு சின்னக் கயிறு செய்து காட்டுவார்கள். நம் பிள்ளைகள் நாலு பேர் முன்னால் ஓடினார்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார், நூலை ஒரு பக்கம் முறுக்க வேண்டும், நூல்களைச் சேர்த்து மறுபக்கம் முறுக்க வேண்டும், அப்படி மூன்றைச் சேர்த்துத் திரும்பவும் முதல் பக்கமாக முறுக்கினால் ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது இறுக்கும், அதனால்தான் கயிறு கயிறாக நிற்கிறது என்று. பிள்ளைகள் பாதி கேட்டார்கள், பாதி கொட்டாவி. கூட வந்திருந்த ஒரு அம்மப்பா, வல்வெட்டித்துறைக்காரர், மெல்ல முன்னால் வந்து பேரனின் கையைப் பிடித்து, "இது இழை, இது புரி, மூண்டு புரி சேர்ந்தால் முப்புரிக் கயிறு, எதிர்முறுக்குக் குடுத்தால்தான் நிக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேரன் அவரை அதுவரை பார்க்காத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வழிகாட்டி விவரம் கேட்டு, கயிற்றின் நுனியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் அதை மோந்து பார்த்தார், பிறகு முறுக்கை ஒரு இடத்தில் விரலால் நெம்பி உள்ளே பார்த்தார்.

அன்று திரும்பும் வழியில் கோச்சிலேயே அணியம், அமரம், சுக்கான், நங்கூரம், பாய்மரம் என்று முப்பது சொல் வரை சேர்ந்தது. வகுப்பில் நான் மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தினாலும் அது நடந்திருக்காது. தென்னைநார்க் கயிற்றுக்கு ஆங்கிலேயர் சொல்லும் கொயர் என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து, மலையாளக் கயரிலிருந்து போனதுதான். தமிழில் கயிறு திரிப்பது என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், அதன் பிறகு வீட்டுப்பாடம் செய்யாததற்கு யாராவது சாக்குச் சொன்னால் வகுப்பே "சாட்டம், சாட்டம்" என்கிறது. இதற்கு வீட்டில் என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பிள்ளைகளை அங்கே கேட்கச் சொல்லுங்கள். கடற்படைக் கயிற்றுக்குள் ஒரே ஒரு இழையை வேறு நிறத்தில் வைத்துத் திரிப்பார்கள், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிறம். திருடி விற்றால் கயிற்றைப் பிரித்ததும் எந்தத் தளத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும். அதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழில் போக்கிரி இழை என்று சொல்லலாம். அங்கே 1811இல் செய்த இயந்திரத்தில் இன்றைக்கும் கயிறு திரித்து விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சரித்திரம் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

சம்பளக் கதை ஒன்றும் இருக்கிறது, அதைப் பெரிய பிள்ளைகளுக்கு நான் கோச்சில் சொல்வேன். 1667 ஜூனில் டச்சுக்காரர் இந்த ஆற்றுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அரசனிடம் காசு இல்லை, பெரிய கப்பல்களை ஆள் இல்லாமல் கட்டிப்போட்டிருந்தான், மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான், சீட்டைக் காசாக்குவதற்குள் பாதி வட்டிக்காரன் கைக்குப் போய்விடும். வெறுத்துப்போன ஆங்கில மாலுமிகள் சிலர் டச்சுக் கப்பல்களிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஆங்கிலேயர் ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய இரும்புச் சங்கிலியைப் போட்டு நம்பிக்கொண்டு இருந்தார்கள், அது நிற்கவில்லை. டச்சுக்காரர் கப்பல்களை எரித்தார்கள், இரண்டாம் சார்ல்ஸ் அரசனின் பெயர் வைத்த ராயல் சார்ல்ஸ் கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டே போனார்கள். அதன் பின்புறத்துச் சிற்பம் இன்றும் ஆம்ஸ்டர்டாம் அரும்பொருளகத்தில் தொங்குகிறது, விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பாருங்கள். கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ் என்ன செய்தார் தெரியுமா, வீட்டிலிருந்த தங்கத்தை மனைவியிடமும் தகப்பனிடமும் கொடுத்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் அதைப் பட்டப்பகலில் தோட்டத்தில் புதைத்தார்கள், பிறகு வந்து தோண்டி எடுக்க அவர் பட்ட பாடு தனிக்கதை. இடம்பெயரும்போது நகையை எங்கே புதைப்பது என்று யோசித்த வீடுகளிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன.

ஆனால் அதே சாட்டத்தில்தான் 1588 வாக்கில், காயப்பட்ட மாலுமிகளுக்கென்று ஒரு பெட்டி வைத்தார்கள், ஒவ்வொருவர் சம்பளத்திலும் மாதம் ஆறு பென்ஸ் பிடித்து. நமது சேமநிதி மாதிரித்தான். அந்தக் காசிலும் பின்னால் மேலிடம் கை வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பார்க்கக் கப்பல்கள் மூன்று. கானெட் 1878ஆம் வருடத்துக் கப்பல், பாயும் உண்டு நீராவியும் உண்டு. கவலியர் இரண்டாம் உலகப்போர்க் கால நாசகாரிக் கப்பல், அந்தப் போரில் மூழ்கிய 142 பிரிட்டிஷ் நாசகாரிகளுக்கும் அவற்றோடு போன பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் அதுதான் நினைவுச்சின்னம். மூன்றாவது ஓசலட் என்ற நீர்மூழ்கி, 1962இல் தண்ணீரில் இறங்கியது, பிரிட்டிஷ் கடற்படைக்காகச் சாட்டத்தில் கட்டிய கடைசிக் கப்பல் அது. உள்ளே ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போக வட்டமான ஓட்டைக்குள் காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். போனமுறை பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது, வயிறும் கொஞ்சம் இடம் கேட்டது. இருட்டுக்கும் நெருக்கத்துக்கும் பயப்படும் பிள்ளை என்றால் படிவத்தில் எழுதுங்கள், வெளியில் ஒரு ஆசிரியை நிற்பார்.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் காட்டுவேன். 1756இல் இங்கே கட்டிய நேமூர் என்ற கப்பலைப் பின்னால் பிரித்து, அதன் மரங்களை ஒரு பட்டறையின் தரைக்கு அடியில் போட்டு மூடிவிட்டார்கள், 1995இல் தரையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கப்பலில் சின்ன வயதில் அடிமையாக இருந்தவர் ஒலாடா எக்வியானோ, பிறகு விடுதலை வாங்கி, அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதியவர். குனிந்து பார்த்தால் அவர் கால் பட்டிருக்கக்கூடிய மரம் அங்கே கிடக்கிறது.

தளத்தை மூடியபோது ஏழாயிரம் பேர் வரை வேலை இழந்தார்கள். தகப்பன், பாட்டன் என்று தலைமுறை தலைமுறையாகப் போன கேட் ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாட்டத்தின் கடைத்தெருவில் நடந்தால் அந்த அடி இன்னும் தெரிகிறது, அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். பழைய தளத்தின் ஒரு பகுதி அரும்பொருளகம், ஒரு பகுதி வீடுகள், பக்கத்தில் இருந்த கடற்படைப் பாளையம் இப்போது பல்கலைக்கழக வளாகம். 1917 செப்டம்பர் 3 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு, படுத்திருந்த மாலுமிகளில் 130 பேர் வரை செத்த கூடம் இப்போது அங்கே நூலகமாக இருக்கிறது. நம் மூத்த பிள்ளைகள் யாராவது அந்த வளாகத்தில் சேர்ந்தால் பரீட்சைக்குப் படிப்பது அதற்குள்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். கோச் காலை எட்டு மணிக்குப் புறப்படும், எட்டேகாலுக்கு அல்ல. போனமுறை ஒரு குடும்பத்துக்காக நாற்பது நிமிடம் நின்றோம், அது யார் வீடு என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது என் வீடு. சப்பாத்து தட்டையாக இருக்கட்டும், தரை முழுக்கக் கருங்கல். சாப்பாடு வீட்டிலிருந்து: புட்டோ சாண்ட்விச்சோ உங்கள் விருப்பம், ஆனால் மீன்குழம்பை மூடி இறுகாத டப்பாவில் கொடுத்து அனுப்பாதீர்கள், கோச் கழுவிய செலவைப் பள்ளி கட்டியது. வேர்க்கடலை எந்த வடிவிலும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்வேன், அதற்கு இணையத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

படிவத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். காசு கஷ்டம் என்றால் தனியாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளை வராமல் இருக்க வேண்டாம்.

கோச்சில் பெரியவர்களுக்கு ஒன்பது இடம் மிச்சம் இருக்கிறது. அதை அம்மாக்கள் அப்பாக்களுக்கு முன் அம்மம்மா, அப்பப்பா, தாத்தா, பாட்டிகளுக்குக் கொடுக்க நினைக்கிறேன். கடல் தொழில் தெரிந்தவர், கயிறோ வலையோ பாயோ கையால் செய்தவர் வீட்டில் இருந்தால் படிவத்தின் பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். முழங்கால் வலிக்கிறது என்பார்கள், கயிற்றுச்சாலையில் உட்கார வாங்கு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்