டீலரிடம் பொருத்தினால் நிம்மதியாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுக் கார் வாங்குவோருக்குச் சென்ற இதழில் நீங்கள் சொன்ன யோசனைகளைப் படித்தேன். ‘ஆக்சஸரீஸ் எல்லாவற்றையும் டீலரிடமே பொருத்திக்கொள்வதுதான் நிம்மதி’ என்று ஒரு வரி. யாருக்கு நிம்மதி என்பதையும் சொல்லியிருக்கலாம். கார் விற்றுக் கிடைப்பதைவிட மேல்சாமான்களில்தான் டீலருக்கு லாபவிகிதம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் கேட்டது காலடியில் விரிக்கிற மேட்டும், சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தடுக்கிற மட் ஃபிளாப்பும் மட்டும். டெலிவரி அன்று பில்லைப் பார்த்தால் சீட் கவர், அண்டர்பாடி கோட்டிங் என்கிற அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சு, ரிவர்ஸ் கேமரா, டயருக்கு நைட்ரஜன் என்று நீள்கிறது. வேண்டாம் என்றதற்கு, “ஏற்கெனவே போட்டாச்சு சார், கழற்ற முடியாது” என்று பதில். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதிக்குத்தான் அந்தக் கட்டணம் போலிருக்கிறது. கார்க்கூட்டைத் தொழிற்சாலையிலேயே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் இவர்கள் அவசரமாகத் தெளிக்கும் கறுப்புப் பூச்சு, நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை அடைத்துக்கொண்டால் துரு உள்ளேயிருந்தே வரும்.

சீட் கவர் இன்னும் மோசம். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் அது. அதற்கென்று தைக்காத கவரை இறுக்கி மாட்டினால் ஏர்பேக் விரிவதற்குத் தடையாகும் என்று காரோடு வந்த கையேடே எச்சரிக்கிறது. மாட்டியவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பிறகு பாட்டரி அடிக்கடி இறங்க ஆரம்பித்தது. “வயரை வெட்டிக் கேமராவுக்கு இணைப்பு எடுத்திருக்கிறார்கள், வாரண்டி கிடையாது” என்று சர்வீஸில் கையை விரித்தார்கள். வெட்டியவர்கள் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள்!

மேட்தானே என்றும் விட்டுவிட முடியாது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு டீலர் தற்காலிகமாகக் கொடுத்த காரில், வேறு மாடலுக்கான மேட் ஆக்சிலேட்டரில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் டொயோட்டா அந்த நாட்டில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

டீலரிடம் எதையுமே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. காரின் மின்னமைப்போடு இணைகிற சாமான் என்றால், தயாரிப்பாளரின் பார்ட் நம்பர் உள்ளதை டீலரிடம் பொருத்தி, வாரண்டி செல்லும் என்று எழுதி வாங்குவதுதான் சரி. ஆனால் ‘எல்லாவற்றையும்’ என்று எப்படி எழுதினீர்கள்?

உங்களிடம் இது புதிதும் அல்ல. முன்பு நீட்டித்த வாரண்டியைப் புகழ்ந்து எழுதினீர்கள்; எதிர்ப்பக்கத்தில் அதற்கே முழுப்பக்க விளம்பரம். அப்போது நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை. அப்புறம், ஆக்சஸரீஸையும் கார்க் கடனில் சேர்த்தால் தவணை ‘கொஞ்சம்தான் கூடும்’ என்று ஆறுதல் சொன்னீர்கள். கிழிந்துபோன சீட் கவருக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். காரை விற்கப் போனால் அதற்கெல்லாம் ஒரு காசும் கூடக் கிடைக்காது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘முன்பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு சாமானின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், வேண்டாததை அடியுங்கள்’ என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். இடமில்லையென்றால் விளம்பரத்தில் ஓர் அங்குலம் குறைத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்