கயிற்றுக்கு மகளிர் பக்கத்தில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வந்த தங்கள் இதழின் மகளிர் பக்கத்தில், கத்தரிக்காய்ப் பால்கறிக் குறிப்புக்கும் முகப்பருவுக்கு மருந்து சொல்லும் பெட்டிக்கும் இடையில், போலந்து நாட்டுச் சிற்பி மக்தலேனா அபகனோவிச் பற்றி எட்டு வரியில் ஒரு செய்தி கிடந்தது. ‘நூல் வேலையில் உலகப் புகழ் பெற்ற பெண்மணி’ என்று தலைப்பு. பக்கத்தில் ஊசியும் நூற்கட்டையும் போட்ட சின்னப் படம். நான் 29 வருடம் மனையியலும் தையலும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஊசியையும் நூற்கட்டையையும் கண்டால் எனக்குக் கோபம் வராது. அன்றைக்கு வந்தது.

அந்த அம்மா செய்தவற்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காக லண்டன் போயிருந்தேன். ஒரு நாள் மூத்த பேத்தியையும் என்னையும் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டேட் மொடர்ன் காட்சியகத்துக்கு மருமகன் கூட்டிப் போனார். பழைய மின்நிலையம் ஒன்றைக் காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளியே குளிர், உள்ளே சூடு, அதனால் போனேன்.

முதலில் எட்டியது வாசம். கண்ணுக்கு ஒன்றும் பிடிபடுமுன்னரே மூக்கு சொல்லிவிட்டது, இது கயிற்று வாசம் என்று. எங்கள் திருக்கடலூரில் வலையும் கயிறும் வைக்கும் கடற்கரைக் கொட்டிலான வாடிக்குள், மாரி முடிந்து முதல்தரம் கதவு திறக்கும்போது வருமே, காய்ந்த நாரும் பழைய தூசியும் கலந்த வாசம், அதன் தூரத்து உறவு. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். மேலிருந்து கீழே இரண்டு ஆள் உயரத்துக்கும் கூடுதலாகத் தொங்குகின்றன, ஒன்றல்ல, ஒரு தோப்பு அளவுக்கு. கறுப்பு, மண் நிறம், செம்மஞ்சள். சிவப்பில் ஒன்று, நாலு மீற்றர் அளவு இருக்கும். நடுவே பிளந்து, மடிந்து, கீழே பிசிறு பிசிறாக நார் தொங்குகிறது. சுவரோடு ஒட்டிய சித்திரம் இல்லை, சுற்றிச் சுற்றி நடக்கலாம். பேத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அம்மம்மா, உதுக்குள்ளே ஆரோ நிக்கினம்” என்றாள். ஒருவரும் இல்லை. ஆனால் அவள் சொன்னது பிழை என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நான் கிட்டப் போய் நெசவைப் பார்த்தேன். தொட முடியாது, காவலுக்கு ஒரு பிள்ளை நிற்கிறாள். மருமகன், “மாமி, கிட்டப் போகாதைங்கோ” என்று கையைப் பிடிக்கிறார். பிடித்தாலும் எனக்கு விளங்கிவிட்டது. இது கடையில் வாங்கிய நூல் இல்லை. தடிப்பு ஓர் இடத்தில் கூடியும் ஓர் இடத்தில் குறைந்தும் வருகிறது. முறுக்கி வைத்த கயிற்றைப் புரி புரியாகப் பிரித்து எடுத்தால்தான் நாருக்கு அந்தச் சுருள் வரும். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சுருள் நிமிராது. கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் பழைய கயிற்றைப் பிரித்துப் பாத்திரம் தேய்க்கத் தும்பு எடுத்தவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

பிறகு சுவரில் எழுதியிருந்ததை மருமகன் வாசித்துச் சொன்னார், சரியாகத்தான் இருந்தது. துறைமுகங்களில் கழித்துப்போட்ட கப்பல் கயிறுகளை அபகனோவிச் சேர்த்துக் கொண்டுவந்து, பிரித்து, கழுவி, சாயம் போட்டு நெய்திருக்கிறார். சைசல் என்கிற கற்றாழை வகை நார். போருக்குப் பிறகான போலந்தில் நல்ல நூல் வாங்கக் காசும் இல்லை, சரக்கும் இல்லை. வார்சோவில் ஒற்றை அறையில் குடியிருந்தவருக்குப் பெரிய தறி வைக்க இடமும் இல்லை, இன்னொரு நெசவுக் கலைஞரின் வீட்டு நிலவறையில் இருந்த தறியில்தான் நெய்தார். 1962இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்த முதலாவது உலகத் திரைச்சீலைக் கண்காட்சியில் அவருடைய நெசவைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். திரைச்சீலை என்றால் ஓவியர் ஒருவர் வரைந்து கொடுக்க, நெசவாளர் அதைப் பார்த்து நெய்வது என்றிருந்த காலம். இவர் வரைந்தும் கொடுக்கவில்லை, வரைந்ததைப் பார்த்தும் நெய்யவில்லை. தறியிலேயே யோசித்தார். 1965இல் பிரேசிலின் சாவோ பாவுலோ கண்காட்சியில் தங்கப் பதக்கம். அந்தத் தொங்கும் உருவங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், அவருடைய குடும்பப் பெயரையே வெட்டி ‘அபகன்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதுதான் பெயர். எந்தத் தையற்காரிக்கு அப்படி நடந்திருக்கிறது?

தையலே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. 1980இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பியெனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் வைத்த ‘கருவியல்’ என்ற படைப்பில் சாக்குத்துணியைத் தைத்து, உள்ளே அடைத்து, கிழங்கு போல, கல் போல, கூட்டுப்புழு போல ஏறக்குறைய 800 உருண்டைகள் செய்திருக்கிறார். சிலது உள்ளங்கை அளவு, சிலது ஆள் அளவு. தையல் தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார்: பிரிந்துபோகும் சாக்கில் எங்கள் ஊர்ப் பெண்கள் நெல் மூட்டைக்குப் போடுகிற அதே பெரிய தையல். ஆனால் அதைச் சிற்பம் என்று வைத்தார்கள், சிற்பம் என்றே பார்த்தார்கள்.

இனி என் சொந்தச் சங்கதி ஒன்று. 2011இல் ஒரு கண்காட்சிக்கு என் மாணவிகள் பதினொரு பேர் சேர்ந்து தேங்காய்த் தும்புக்கயிற்றில் ஒன்பது அடி நீளத் தொங்கல் ஒன்று செய்தார்கள். கடலில் விழுந்த வலை மேலே வருவது போல. மூன்று மாத வேலை. இரவு முழுக்கப் பிள்ளைகளின் விரலில் தேங்காயெண்ணெய் பூசினோம், தும்பு அறுத்து வெடித்த விரல். ‘சித்திரம்’ அறையில் தொங்கவிடக் கேட்டோம். சட்டம் போட்டவை மட்டும்தான் அங்கே என்றார்கள். ‘கைப்பணி’ மேசைக்கு அனுப்பினார்கள். மேசையில் ஒன்பது அடி எப்படிக் கிடக்கும்? நாலாக மடித்து வைத்தார்கள். பரிசு கொடுக்கும் நேரம் போய்ப் பார்த்தேன், அதன் மேல் தேநீர்த் தட்டு இருந்தது. வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கால்மிதி என்று நினைத்திருக்கிறார்கள், பாவம். அந்த மேசையும் தங்கள் மகளிர் பக்கமும் எனக்கு ஒன்றுதான், ஆசிரியர் ஐயா. அதனால்தான் எழுதுகிறேன்.

கயிற்றை ஆண் பிடித்தால் தொழில், பெண் பிடித்தால் கைப்பணி என்ற கணக்கு எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அப்பா வலை பொத்துவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பூவரசு மரத்தடியில் கால் நீட்டி இருந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார். இடக்கை விரல் கண்ணின் அளவு பார்க்கும், வலக்கையில் ஊசி போய்ப் போய் வரும். கண்ணை மூடிக்கொண்டும் முடிச்சுப் போடுவார். அம்மா தேங்காய்ப் பொச்சு மட்டையை ஊறவைத்து, அடித்து, தொடையில் வைத்துக் கயிறு திரிப்பா. அப்போதெல்லாம் கரைவலையின் இரண்டு கை நீளத்துக்கும் தும்புக்கயிறுதான், மீன் சேரும் மடி மட்டும் நூல். அப்பாவின் அளவு, பாகக் கணக்கு, இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். அம்மாவின் அளவு, தொடையில் எத்தனை உருட்டு என்பது. இரண்டு கணக்கும் சேர்ந்துதான் ஒரு வலை. நைலோன் வந்தபின் அம்மாவின் கணக்கு இல்லாமல் போனது.

அபகனோவிச்சின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது, எங்கள் ஊர் ஆட்களுக்கு அது சட்டென்று விளங்கும். 1930இல் வார்சோவுக்கு அருகே நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். போர் தொடங்கும்போது ஒன்பது வயது. 1943இல் குடித்துவிட்டு வீட்டுக்குள் வந்த ஜெர்மன் படையினர் சுட்டதில் தாயாரின் கை போனது, பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க. எழுபதுகளில் அவர் செய்த ‘முதுகுகள்’ என்ற படைப்பில் 80 உருவங்கள். தலை இல்லை, முன்பக்கம் இல்லை, குனிந்த முதுகு மட்டும், சாக்கையும் பசையையும் அச்சில் ஒட்டி எடுத்தது. முன்னால் போய்ப் பார்த்தால் உள்ளே வெறுங்கூடு. அதைப் படத்தில்தான் கண்டேன். கண்டவுடன், போர்க்காலத்துத் தொண்ணூறுகளில் மூதூர்ப் படகுக்கு நிற்கும் வரிசை ஞாபகம் வந்தது. சோதனைக்காகப் பையைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் நிலம் பார்த்துக்கொண்டு இருப்போம். முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. இதற்கு மேல் எழுதவில்லை.

பின்னாளில் அவர் வெண்கலத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் போனார். அவர் 1965 முதல் 1990 வரை படிப்பித்த போலந்தின் பொஸ்னான் நகரின் பூங்கா ஒன்றில் 112 தலையில்லா இரும்பு உருவங்கள் நிற்கின்றன. சிக்காகோவில் 2006இல் வைத்தவை 106. அவையெல்லாம் பெரிய வேலைதான். ஆனால் என் கண்ணுக்குக் கயிறுதான் மேல். இரும்பில் செய்தால் யாரும் சிற்பம் என்று ஒத்துக்கொள்வார்கள், அதில் என்ன வீரம்?

சரி, இப்போது என் யோசனை. அபகனோவிச்சின் படைப்பு ஒரே மண்டபத்துக்குள் அடங்கியதில்லை. 1972இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் கயிற்றைக் காட்சிக்கூடத்துக்கு வெளியே நகரத்துக்குள் கொண்டுபோனார், தேவாலயம் வரைக்கும். 1982இல் சிக்காகோவில் அவருடைய பெரிய கண்காட்சியை இரண்டு இடத்தில் பிரித்து வைத்தார்கள்: ஒன்று நவீன கலைக் காட்சியகம், மற்றது பொது நூலகத்தின் பண்பாட்டு நிலையம். நூலகம் என்பதைக் கவனியுங்கள். புத்தகம் எடுக்க வந்தவர்கள் சாக்கு முதுகுகளையும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

திருகோணமலையிலும் நூலகம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. நகர மண்டபம் இருக்கிறது. திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் வாடிகள் இருக்கின்றன. உலகத்தின் நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறோம். அந்தத் துறைமுகத்தில் கட்டிய கயிறு எங்கே? பீரங்கியையும் நங்கூரத்தையும் வெள்ளையடித்துக் காட்டுகிறார்கள். நங்கூரத்தைப் பிடித்த கயிற்றை யாரும் எடுத்து வைக்கவில்லை, உக்கிப் போகும் சாமான் என்பதால். வலை பின்னும் ஊசிகள், திரித்த கயிறு, கின்னியாப் பக்கத்துப் பெண்கள் இழைக்கும் பாய், பிள்ளைகள் செய்யும் புதுத் தொங்கல்கள் எல்லாவற்றையும் இந்த நாலைந்து இடத்திலும் ஒரே நேரத்தில் வைக்கலாம். நூலகத்தில் கொஞ்சம், அருங்காட்சியகத்தில் கொஞ்சம், மிச்சம் வாடியிலேயே, அது இருக்கிற இடத்திலேயே. பார்க்க வருகிறவர் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்கட்டும். வாடியில் கரைவலை இழுக்கும் நாளாக இருந்தால் அம்பாப் பாட்டும் காதில் விழும், அதற்குத் தனியாக மேடை போடத் தேவையில்லை.

கோட்டைக்குள்ளேயும் வைக்கலாமே என்று என் தம்பி கேட்டான். வேண்டாம். அங்கே மான்கள் நிற்கின்றன, எங்கள் ஊர் மான்கள் கடதாசிப் பையையே விட்டுவைப்பதில்லை.

காலம்: மாசிக்குப் பிறகு, ஆவணிக்கு முன். வாடைக்காற்றில் தும்பு ஈரம் இழுத்து இரட்டிப்புப் பாரமாகிவிடும், கூரை தாங்காது. தொங்கவிடுவதற்குக் கம்பி வேண்டாம், கயிற்றைக் கயிற்றாலேயே கட்டத் தெரிந்த ஆட்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாட்கூலி கொடுக்க வேண்டும், ‘கலைக்குத் தொண்டு’ என்று சும்மா கூப்பிடக் கூடாது. அறிவிப்புப் பலகையில் செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். ‘உள்ளூர்ப் பெண்கள்’ என்று மட்டும் எழுதினால் நானே போய்க் கிழிப்பேன்.

2004 கடல்கோளுக்கு மூன்றாம் நாள் நாங்கள் திரும்பி வந்தபோது, வாடி இருந்த இடத்தில் வாடி இல்லை. அப்பாவின் வலை பூவரசு மரத்தில் தொங்கியது. அதற்குள் தென்னோலை, ஒரு சைக்கிள் சில்லு, யாருடையதோ பள்ளிக்கூடச் சப்பாத்து, மிதப்புக் கட்டைகள், எல்லாம் சேர்ந்து இறுகி, ஆள் உயரத்துக்கு ஒரு பொதி. காற்றுக்கு மெல்லத் திரும்பித் திரும்பி நின்றது. அப்பா அதை வெட்ட விடவில்லை. பதினாறு நாள் இருந்து பிரித்தார், முடிச்சு முடிச்சாக. லண்டனில் அந்தத் தொங்கல்களின் முன்னால் நான் நெடுநேரம் நின்றதற்கு அதுதான் காரணம் என்று மருமகனுக்கு நான் சொல்லவில்லை.

அந்த வலையின் இழுகயிற்றில் ஆறு பாகம் இப்போதும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, அம்மா திரித்தது. கண்காட்சி நடந்தால் தருவேன். சாயம் போடக் கூடாது, வெட்டக் கூடாது, முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வாங்கிப் போக வருகிறவர்கள் இரண்டு பேராக வரவும், பாரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
திருக்கடலூர், திருகோணமலை.