மழைக்காலத்தில் ஜன்னலைத் திறக்காதே

குமுளி, ஆடி மாதம்

மாப்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியவில்லை, இங்கே ஏலக்காய் முதல் பறிப்பு தொடங்கிவிட்டது, ஆள் கிடைக்கிற நாளில் தோட்டத்தை விட்டு நகர முடியாது, உனக்குத் தெரியாததா. கம்பத்தில் ஒரு தூறல்கூட இல்லை என்று புலம்பியிருக்கிறாய். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வாரமாக வெயிலே கண்ணில் படவில்லை. பொறு, எல்லாம் பெரியாற்றுச் சுரங்கம் வழியாக உன் வயலுக்குத்தானே வரப்போகிறது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நியூஜெர்சியில் வாங்கிய வீட்டில் பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் அறை முழுக்க நனைந்த சாக்கு மாதிரி வாடை அடிக்கிறது, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கலாமா, மாமாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றானாமே. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். மேட்டை வெட்டிக் கட்டிய எங்கள் வீட்டுக் கீழறைக்கு மூன்று பக்கமும் மண். உலர்த்திய ஏலக்காயை அங்கே கட்டி வைத்தால் மழை மாதத்தில் ஈரம் இழுத்து, பச்சை நிறம் போய், வாயில் போட்டால் நமுத்துக் கிடக்கும். புத்தடி ஏலத்தில் அதை யார் கேட்பார்கள்? அதனால்தான் மெஷின் வாங்கினேன்.

முதலில் அவன் ஜன்னலை மூடட்டும். காற்றோட்டம் வந்தால் ஓதம் போகும் என்று கோடைக்காலம் முழுக்கத் திறந்து வைக்கிறானாம், அதுதான் வினையே. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 19 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 20 டிகிரியில் இருக்கும் பேஸ்மென்டுக்குள் இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும், மீதி குளிர்ந்த சுவரிலும் தரையிலும் தண்ணீராகப் படியும். இங்கேயும் அதே கதைதான். கொஞ்சம் வெயில் வந்தது என்று என் மருமகள் கதவைத் திறந்து போட்டாள் என்றால் சாயங்காலம் தரையில் கால் வைத்தால் வழுக்கும்.

அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல். ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடட்டும். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து ஊறுகிறது, முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். மண்ணிலிருந்து என்றால் மெஷின் வாங்கிப் பிரயோஜனமில்லை, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், கரண்ட் பில்தான் ஏறும். கூரைத் தண்ணீர்க் குழாய் அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டுகிறதா, முற்றம் வீட்டுப் பக்கம் சரிந்திருக்கிறதா, அதைச் சரி செய்துவிட்டுத்தான் மற்றது. நான் பின்சுவரை ஒட்டி ஓடை வெட்டிய பிறகுதான் சுவரில் உப்புப் பூப்பது நின்றது.

மெஷின் வாங்கும்போது, ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் இழுக்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் 30 டிகிரி, 80 சதவீதத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கைப் போடுகிறார்கள், குளிர்ந்த அறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. அமெரிக்காவில் இதற்காகவே 2019-இல் சோதனை வெப்பத்தை 80 பாரன்ஹீட்டிலிருந்து 65-க்கு இறக்கினார்கள், பழைய கணக்கில் 70 பைன்ட் (ஒரு பைன்ட் ஏறக்குறைய அரை லிட்டர்) என்ற மெஷின் இப்போது 50 பைன்ட். யாராவது பழைய மெஷினை விற்றால் தம்பி இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் கம்ப்ரெசர் மெஷினின் காயிலில், அதாவது காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளில், பனி கட்டும், தானாகப் பனி உருக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அதைவிடக் குளிரும் அறைக்கு ஈரத்தை உறிஞ்சும் ஜியோலைட் சக்கரம் வைத்த வகை நல்லது, ஆனால் கரண்ட் அதிகம் தின்னும்.

50 சதவீதத்தில் வைத்தால் போதும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம், 40-க்குக் கீழே இறக்கினால் மரச்சாமான் வெடிக்கும். 300, 400 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் 7 முதல் 10 யூனிட் ஆகும், ஆகவே நாம் வைத்த சதவீதத்தைத் தொட்டதும் தானாக நிற்கிற மாதிரிதான் வேண்டும். தொட்டியை நம்பாமல் பின்னால் டியூப் மாட்டித் தரை வடிகாலில் விடட்டும், தொட்டி நிறைந்தால் மெஷின் நின்றுவிடும், நாம் ஊருக்குப் போயிருப்போம். அந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று நீ கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு! ஊற்றாதே. காயிலில் பட்ட தூசும் உலோகமும் அதில் இருக்கும். செடிக்கு ஊற்று, பூச்செடிக்கு மட்டும்.

எதற்கும் மெஷினுக்கு முன்னால் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி, காலை, மாலை ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல். அந்த எண்ணும் அறையின் நீள அகலமும் எனக்கு அனுப்பட்டும், எந்த அளவு மெஷின் என்று அப்புறம் பேசுவோம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். புதுக்காய் அரைக் கிலோ கம்பம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், டப்பாவை நன்றாக மூடி வை.

உன்,
சிவா