தண்ணீர்ப் பந்தலுக்குத் தோள்கொடுத்த எல்லாருக்கும்

அன்புடையீர்,

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியோரத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தல் நின்றது. கிடுகு தந்தவர்கள், கிணறு தந்தவர்கள், பேணி கழுவியவர்கள், முதலில் விலகி நின்றுவிட்டுப் பிறகு வந்து வாளி தூக்கியவர்கள், எல்லாருக்கும் இந்த நன்றி மடல். இவர்களில் சைவர்கள் உண்டு, வேதக்காரர் (கிறிஸ்தவர்கள்) உண்டு, முஸ்லிம்கள் உண்டு, கடவுள் இல்லை என்பவர்களும் உண்டு. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் போடவில்லை. என்னென்ன செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறோம். வேறு ஊரில் பந்தல் போடுகிறவர்களுக்கும் அது பயன்படட்டும்.

முதல் நன்றி கிணற்றுக்கார அம்மாவுக்கு. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு தருவது சின்ன விடயம் இல்லை. யார் கிணற்றில் யார் அள்ளலாம் என்பதை வைத்தே சாதியை அளந்த ஊர் இது. தாகத்தோடு வந்தவர் கிணற்றடிக்கு வெளியே நின்று, வீட்டார் அள்ளி வார்க்கும்வரை காத்திருப்பார். ஏந்திய கையில் மேலிருந்து ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் சிரட்டையில் வார்ப்பார்கள். அப்படி வார்த்த வீடுகளிலும் சாமியறை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. இந்த அம்மா, வாளியைப் பிடிப்பது ஆர் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. குளோரின் போடுவதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கோ, சமையலுக்குத் தண்ணி எடுத்து வைக்க வேணும் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

குளோரின் அளவைச் சொல்லித் தந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நன்றி. கிணற்றின் விட்டம் 3 மீற்றர், தண்ணீரின் ஆழம் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர் வரும். 33 வீதம் வீரியமுள்ள குளோரின் தூள் ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 35 கிராம் தேவை. அதை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி, வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக்கூடாது. எங்கள் தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. ஒரு மணி நேரம் விட்டுத்தான் அள்ளலாம். திறந்துவைத்த தூள் வெக்கையில் வீரியம் இழந்துவிடும், நிறுத்துப் போட்டாலும் பலன் இராது. அதனால் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சி நிற்கிறதா என்று சோதித்த பிறகே பானையை நிரப்பினோம்.

கிடாரங்களில் ஒரு சிக்கல் வந்தது. விரதக்காரர் சிலர், மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்சிய கிடாரமோ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் எங்களுக்குக் குறை தெரியவில்லை. அது பாத்திரத்தைப் பற்றிய கேள்வி, பாத்திரத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். தேவாலய மண்டபத்துப் பெரிய கிடாரங்களைத் தர முன்வந்தவர்கள் இதைக் கேட்டு முகம் கோணவில்லை. கிடாரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாங்குகளையும் (நீள இருக்கைகள்) மேசைகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள். பூசை நேரங்களில் சைவப் பிள்ளைகள் கோயிலுக்குப் போக, பந்தலைப் பார்த்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். ஆனால் வேறொருவர், தண்ணீர் அள்ளுகிற பெடியன் எந்தப் பகுதி, அதாவது என்ன சாதி, என்று விசாரித்தார். அந்தக் கேள்விக்குப் பந்தலில் ஒருவரும் விடை சொல்லவில்லை. துடக்குக்காரர் வேலை செய்யலாமா என்ற கேள்வியும் வந்தது. கோயிலுக்குள் போவதும் போகாததும் அவரவர் வழமை, பந்தலில் அதை ஒருவரும் ஒருவரிடம் விசாரிப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

மண்பானை பற்றி ஒன்று. பக்தியோடு ஒருவர் ஓம் எழுதிய பானைகள் தந்தார், வேறொருவர் சிலுவை வரைந்த பானைகள் தந்தார். இரண்டும் எனாமல் பெயின்ற் அடித்தவை. பானையின் குளிர்ச்சி, தண்ணீர் நுண்துளைகளால் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாவதால் வருவது. பெயின்ற் துளையை அடைத்துவிட்டால் வெந்நீர்தான் கிடைக்கும். இருவரிடமும் காரணத்தைச் சொன்னோம். இருவருமே வெறும் மண்பானை வாங்கித் தந்தார்கள். அவற்றுக்கு ஈரச் சாக்கு சுற்றி மணலில் இருத்தினோம். ஐஸ் போடவில்லை, மீனுக்கு அடிக்கும் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இராது.

தண்ணீரைப் படைப்பதா என்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. படைத்ததை முஸ்லிம்கள் குடிக்கமாட்டார்கள், சில சபைக்காரரும் தொடமாட்டார்கள். அதை அவமதிப்பாக எடுக்கக் கூடாது. விளக்கும் கும்பமும் பந்தலின் ஒரு மூலையில் தனி மேசையில் இருந்தன, திருநீற்றுத் தட்டும் அங்கேயே. விரும்பியவர் போய்ப் பூசிக்கொண்டார்கள். பானைகளுக்கு முன்னால் கற்பூரம் காட்டவில்லை. துண்டுப் பிரசுரம் எதுவும், வேதமானாலும் பகுத்தறிவானாலும், பேணியோடு சேர்த்துக் கொடுக்கவில்லை. தாகத்தில் நிற்பவரிடம் கொள்கையை நீட்டுவது முறையில்லை.

இனிப் பேணி. எங்கள் பழைய வீடுகளில் மூக்குப்பேணி இருக்கும். பித்தளை உடம்பு, பக்கத்தில் கிளிமூக்குப் போல ஒரு நீட்டம். அண்ணாந்து, உதடு படாமல் வார்த்துக் குடிக்கலாம். எச்சில் படாத நல்ல ஏற்பாடு அது. தேத்தண்ணிக் கடைகளில் சிலருக்கென்று தனியாக வைத்த பேணிகளும் இருந்தன. சுத்தம் என்று சொல்லிக்கொண்டே மனிதரைப் பிரித்து வைத்தார்கள். சாதித் தடையைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும், 1960களில் அந்தக் கடைகளுக்கு முன்னால் போராட வேண்டியிருந்தது. இப்போது அதே வேலையைக் கடதாசிக் கப் செய்யக்கூடும். பரிமாறுகிறவர் ஆளைப் பார்த்து ஒருவருக்கு எவர்சில்வரும் இன்னொருவருக்குக் கடதாசியும் நீட்டினால், பழைய கடை திரும்பி வந்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே மேசையில் அடுக்கிவைத்தோம். எதை எடுப்பது என்பதைக் குடிப்பவரே தீர்மானித்தார், நாங்கள் வார்த்தோம்.

200 மில்லிலீற்றர் எவர்சில்வர் பேணி 120. கழுவ மூன்று தொட்டி. முதலாவதில் சவர்க்காரம், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் 50 லீற்றருக்கு 8 கிராம் குளோரின் தூள். மூன்றாவதில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, கம்பித் தட்டில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் துணியின் அழுக்கு எல்லாப் பேணிக்கும் போகும். கால் கடுக்க நின்று இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகாத தம்பிமாரும் தங்கச்சிமாரும். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வராதபடி கோயில் கதவு அடைக்கப்பட்டபோது, உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காக நின்றவர்களில் கடவுளை நம்பாத இடதுசாரிகளும் இருந்தார்கள். இந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. மேடையில் கடவுளை மறுத்துவிட்டு மகனின் கலியாண விளம்பரத்தில் சாதி போடுகிற பெரியவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சாதிக்கு ஒரு வாங்கு போட்ட தேவாலயங்களும் இங்கே இருந்தவைதான். விளக்கு ஏற்றுகிற வீட்டில் மட்டும் இருக்கிற நோய் இல்லை இது.

தேசிக்காய்த் தண்ணீருக்கு 100 லீற்றருக்கு 200 தேசிக்காய், 6 கிலோ சீனி, 100 கிராம் உப்பு. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். அழுத்திப் பிழிந்தாலோ விதை கிடந்தாலோ கசக்கும். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு நிற்கக் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று, தேசிக்காய்ச் சாறு தண்ணீரிலுள்ள குளோரினை முறித்துவிடும். பிறகு கிருமிக்குக் காவல் இல்லை. ஆகையால் ஒரு தடவைக்கு 50 லீற்றருக்கு மேல் கரைக்கவில்லை, இரண்டு மணி நேரத்தில் முடித்தோம். மோரில் வெங்காயம் சேர்க்காமல் இஞ்சியும் கறிவேப்பிலையும் மட்டும் போட்டோம், விரதக்காரரும் குடித்தார்கள்.

நாளுக்கு 300 லீற்றர் தேசிக்காய்த் தண்ணீர் வீதம் 25 நாளுக்கு 450 கிலோ சீனி, ஒன்பது மூட்டை. ஒன்பதையும் முஸ்லிம் வியாபாரிகள் இறக்கித் தந்தார்கள். உபயப் பலகை வேண்டாம் என்றார்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வீட்டை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேரம் தரப்பட்டது. துப்பாக்கிக்கு முன்னால் ஊர் வாய் திறக்கவில்லை. அந்த ஊரின் திருவிழாவுக்கு அவர்கள் சீனி தந்திருக்கிறார்கள். இந்த நன்றியை எழுதும்போது எங்களுக்குத் தலை குனிகிறது.

வாங்கு, மேசை, கம்பித் தட்டு எல்லாம் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. கிணற்றை இறைத்து, மறுபடி குளோரின் போட்டு அம்மாவிடம் ஒப்படைத்தோம். மிஞ்சிய பேணிகளோடு மூக்குப்பேணி ஒன்றும் வந்திருக்கிறது. அடியில் வெட்டிய எழுத்துத் தேய்ந்துவிட்டதால் யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
பந்தலில் வேலை பார்த்தவர்கள்
யாழ்ப்பாணம்