திங்கள் காலை லூவான் சந்தைக்கு வருகிறவர்களுக்கு

கிறிஸ்துமஸ் கோழி வாங்க வரும் திங்கள் பிரான்சின் லூவான் ஊருக்குப் போகிறோம். மதியத்துக்குள் சந்தை கலைந்துவிடும், அதனால் காலை 7 மணிக்கே கிளம்ப வேண்டும்.

பிரெஸ் (லூவான் பக்கத்துப் பகுதி) ஷாப்போன் என்பது காயடித்து 8 மாதமாவது வளர்த்த சேவல். 3 கிலோவுக்குக் குறையாது, விலையும் கையைக் கடிக்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு பூலார்ட், அதாவது இளம் பெட்டைக்கோழி, தாராளம். துணியில் இறுக்கித் தைத்து, தலை மட்டும் வெளியே தெரிய வைத்திருப்பார்கள் (கைக்குழந்தை மாதிரி!).

பெரும்பாலும் குடலை மட்டும்தான் எடுத்திருப்பார்கள். முழுக்கச் சுத்தம் செய்து தரச் சொல்லி வாங்குங்கள். போன வருஷம் நான் மறந்துவிட்டு, ராத்திரி 11 மணிக்குக் கத்தியோடு நின்றேன்.

காரில் இன்னும் 2 இடம் இருக்கிறது. யாருக்கு என்ன வேண்டும் என்று வெள்ளிக்குள் சொன்னால் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.